கடல் சாமந்தி நஞ்சு ஆய்வு: எந்தத் திசுவை எடுப்பது?

“அக்கா, உணர்நீட்சியை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமா? இல்லை, முழு உடம்பையும் அரைத்துவிடலாமா?”

பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி போன மாதம் இப்படிக் கேட்டார். அதற்கு முந்தின வாரம் பல்கலைக்கழக மாணவி ஒருவர் வேறு சொற்களில் இதையேதான் கேட்டிருந்தார். இரண்டு பேருக்கும் தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொன்னேன். மனசு ஆறவில்லை. கடல் சாமந்தி என்பது கடலடியில் ஒட்டி வாழும், பூப் போன்ற ஒரு விலங்கு; வாயைச் சுற்றி இரை பிடிக்கும் அதன் விரல்கள்தான் உணர்நீட்சிகள். அதன் நஞ்சில் புராஜெக்ட் எடுக்கிற எல்லாரும் முதலில் தடுமாறும் இடம் இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்ல பாம்பு என்றால் இந்தக் கேள்வியே வராது. நச்சுப்பை தலையில் இருக்கிறது, கறந்தால் நஞ்சு வரும். கடல் சாமந்திக்கு அப்படி ஒரு பை கிடையாது. உடம்பெங்கும் சிதறிக் கிடக்கும் கொட்டும் செல்களிலும் சுரப்பிச் செல்களிலும் அது நஞ்சைத் தயாரிக்கிறது. இரை பிடிக்கும் விரல்களில் ஒரு கலவை, வயிற்றுக்குள் வேறொரு கலவை, பக்கத்துச் சாமந்தியோடு சண்டை போடும் உறுப்பில் இன்னொன்று. நீங்கள் எங்கே கத்தரிக்கோல் வைக்கிறீர்களோ அதற்கேற்ற பதில்தான் கிடைக்கும்.

என் முதல் புராஜெக்டில் நான் முழு விலங்கையும் அரைத்தேன். புரதங்களை வெட்டும் நொதிகள் ஏராளமாக வந்தன. வீரியமான நஞ்சு என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனேன். வழிகாட்டி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இது நஞ்சா, வயிற்றுச் சாறா?” என்னிடம் பதில் இல்லை. மாதிரி ஏற்கெனவே கலந்துவிட்டது, இனிப் பிரிக்கவும் முடியாது. ஆறு மாத உழைப்பு அது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கேள்வி. “கடல் சாமந்தி நஞ்சைப் பற்றி” என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. இரையை முடக்குவது எது? எதிரியை விரட்டுவது எது? மருந்துக்கு உதவக்கூடிய புதிய பெப்டைடு (சிறு புரதத் துணுக்கு) இருக்கிறதா? இப்படிப் பிரித்துக் கேட்டால் திசுவின் பெயர் தானாகவே வந்துவிடும்.

அடுத்தது அளவு. ஆர்என்ஏவோ (புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்) புரதமோ, கருவி படிக்கிற அளவுக்குத் தேறுமா? அப்புறம் கலப்படம். பாசி, சளி, வயிற்றில் கிடக்கும் இறால், கருமுட்டை என்று எதெது கூடவே வரும் என்பதை வெட்டுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

விலங்கு பிழைக்குமா என்பதும் முக்கியம். நம் சிங்கப்பூரில் மனசாட்சியோடு அனுமதியும் சேர்ந்து வருகிற விஷயம் இது. பூங்காக்களிலும் இயற்கைக் காப்பிடங்களிலும் எதை எடுப்பதாக இருந்தாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஓர் உயிரைக் கொல்லாமல் நாலு உணர்நீட்சி வெட்டிக்கொள்கிறேன் என்று எழுதுவதும், ஆறு உயிரை எடுத்துப் போகிறேன் என்று எழுதுவதும் ஒன்றல்ல.

கடைசி அளவுகோலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் படிக்கப்போவது ஆர்என்ஏவையா, புரதத்தையா? ஆர்என்ஏ என்பது அடுப்பில் கொதிப்பது, புரதம் என்பது பாத்திரத்தில் ஏற்கெனவே இருப்பது. கொட்டும் செல் நஞ்சை முன்கூட்டியே தயாரித்து உறைக்குள் அடைத்துவைக்கிறது. முதிர்ந்த செல்லில் நஞ்சு நிறைந்திருக்கும், ஆனால் அதற்கான ஆர்என்ஏ குறைந்திருக்கலாம். சற்று முன்புதான் கொட்டி முடித்த திசுவில் நிலைமை தலைகீழ்: உறைகள் காலி, அடுப்பு மட்டும் எரிகிறது. எந்தத் திசுவை எடுத்தாலும் இந்த வேறுபாடு கூடவே வரும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு அட்டவணை. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

| எதை எடுப்பது | எந்தக் கேள்விக்கு | விலங்கு பிழைக்குமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| உணர்நீட்சி | இரை பிடிப்பு | பிழைக்கும், திரும்ப வளரும் | உள்ளிருக்கும் பாசி, காலியான உறைகள் |
| தண்டு | தற்காப்பு, ஒப்பீட்டுத் திசு | சிறு துண்டு என்றால் பிழைக்கலாம் | சளி அதிகம், நஞ்சு குறைவு |
| வயிற்று இழை | செரிமானமும் நஞ்சும் சேரும் இடம் | பெரும்பாலும் இல்லை | உணவு, கருமுட்டை |
| சண்டை முடிச்சு, தற்காப்பு நூல் | சண்டை, விரட்டல் | பிழைக்கும் | எல்லா இனத்திலும் இல்லை, அளவு சொற்பம் |
| முழு உடம்பு அல்லது கறந்த நஞ்சு | புதிய மூலக்கூறு தேடல் | அரைத்தால் இல்லை, கறந்தால் பிழைக்கும் | எங்கிருந்து வந்தது என்று தெரியாது |

## உணர்நீட்சி

பெரும்பாலோருக்கு நான் சொல்லும் முதல் தேர்வு இதுதான். ஏன் என்பது ஒருமுறை நேரில் பார்த்தால் விளங்கும்.

சாங்கிக் கடற்கரையில் ஆண்டின் நடு மாதங்களில் கடல் நன்றாக வற்றுவது விடியலுக்கு முன்னால். டார்ச் அடித்துக்கொண்டு நடந்தால் ஹாடன் விரிப்புச் சாமந்தி சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் மணலோடு மணலாக விரிந்து கிடக்கும். சாம்பல், பச்சை, சில சமயம் ஊதா. உடம்பு முழுக்கக் குட்டை விரல்கள், துவாலையின் நூல் போல. அனுமதியோடு போன ஒரு பயணத்தில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். பசை போல ஒட்டியது. விரலை எடுக்க எடுக்க அந்தக் குட்டி விரல்களும் கூடவே இழுபட்டு வந்து, ஒவ்வொன்றாக விட்டன. எண்ண முடியாத அளவுக்கு நுண்ணிய நூல்கள் தோலில் பாய்ந்து பிடிக்கிற பிடி அது. விரல் நுனியில் தோல் தடிப்பு என்பதால் வலிக்கவில்லை. முன்கையின் உட்பக்கத்தில் பட்டால் சிவந்து அரிக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். நீங்கள் தொட வேண்டாம். தொந்தரவு செய்தால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு மணலுக்குள் இறங்கிவிடும், அதற்கு அந்த வேளையின் இரை போச்சு.

அப்படிப் பாயும் நூல்கள் எல்லாமே நஞ்சு ஏந்தியவை அல்ல. ஸ்பைரோசிஸ்ட் என்ற வகை ஒட்டிப் பிடிப்பதற்கு மட்டுமே. நுண்ணோக்கியில் எண்ணுபவர்கள் அவற்றைத் தனியாக எண்ணுங்கள், இல்லாவிட்டால் உணர்நீட்சியில் இருப்பதைவிட அதிக நஞ்சு இருப்பதாக நம்பிவிடுவீர்கள்.

இரை பிடிக்க வேண்டிய உறுப்பு என்பதால் நரம்பைத் தாக்கும் பெப்டைடுகளைத் தேட இது நல்ல இடம். அவற்றில் ஒரு வகை, நரம்புச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயிலை மூட வேண்டிய நேரத்தில் மூடவிடாமல் தடுக்கும். நரம்பு ஓயாமல் துடித்து இறாலோ மீனோ செயலிழந்துவிடும். பொட்டாசியம் வாயிலை அடைப்பது இன்னொரு வகை. இவற்றோடு செல் சவ்வில் ஓட்டை போடும் ஆக்டினோபோரின் புரதங்களும் உண்டு.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். விரிப்புச் சாமந்தியின் உணர்நீட்சியில் இரண்டு அடுக்கு. கொட்டும் செல்கள் பெரும்பாலும் வெளி அடுக்கில், கூட்டுவாழ்வுப் பாசி உள் அடுக்கில். மொத்தமாக அரைத்தால் பாசியின் ஆர்என்ஏவுக்கும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்தும் கூலி கொடுக்கிறீர்கள். பிறகு கணினியில் அதைப் பிரித்தெடுக்கப் பல நாள் போகும். கடல் சூடேறிப் பாசியை இழந்து வெளிறிய காலத்தில் எடுத்த மாதிரியில் பாசி குறைவாக இருக்கும், ஆனால் விலங்கே பட்டினியில் இருக்கும். 2010, 2016, 2024 ஆண்டுகளில் நம் பவளப்பாறைகள் வெளிறியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஆண்டின் மாதிரியை வேறொரு ஆண்டின் மாதிரியோடு கலந்தால் என்ன ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

இன்னொன்று வெட்டும் முறை. ஹைட்ராவில் 2006-இல் அளந்தபோது கொட்டும் செல் வெடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 700 நானோநொடி. கத்தரிக்கோல் பட்ட அதிர்ச்சியில் உறைகள் காலியாவதை நம் கை வேகம் ஒருநாளும் தடுக்காது. விலங்கைத் தொட்டியில் அமைதியாக இருக்கவிட்டு, மக்னீசியம் குளோரைடு கலந்த நீரில் தளர்த்தி, அப்புறம்தான் வெட்ட வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லாருமே திரும்பிப் போய் மறுபடி எடுத்தார்கள்.

## தண்டு

உணர்நீட்சிகளுக்குக் கீழே உருளை போல இருக்கும் உடம்புதான் தண்டு. பெரும்பாலான இனங்களில் தண்டில் கொட்டும் செல் குறைவு, சளி அதிகம். தண்டின் நஞ்சு மட்டுமே கேள்வி என்றால் மூன்று மாதப் புராஜெக்டுக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் உணர்நீட்சியோடு வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டுத் திசுவாக இது அருமையானது. எந்த மரபணு இரண்டிலும் சமமாக ஓடுகிறது, எது உணர்நீட்சியில் மட்டும் ஓங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

விதிவிலக்கு உண்டு. ஃபில்லோடிஸ்கஸ் செமோனி என்ற இந்தோ-பசிபிக் இனத்தின் தண்டில் கொட்டும் செல் நிறைந்த குமிழ்கள் இருக்கின்றன. பகலில் உணர்நீட்சிகளை உள்ளே இழுத்துக்கொண்டு பாசியோ பவளமோ போல உட்கார்ந்திருக்கும். அதனிடம் கொட்டு வாங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட மருத்துவப் பதிவுகள் ஜப்பானில் உண்டு. தண்டு என்றால் சாது என்று எந்த இனத்தையும் முன்கூட்டியே முடிவு கட்டிவிடக் கூடாது. முக்குளிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

## வயிற்று இழைகள்

வயிற்றுக்குள் திரைச்சீலை போலத் தொங்கும் மடிப்புகளின் ஓரத்தில் ஓடுபவை இவை. ஆய்வுக் கட்டுரைகளில் மெசென்டரி இழை என்பார்கள். விழுங்கிய இரை உயிரோடு இருந்தால் அடக்குவதும், அதைக் கரைப்பதும் இவற்றின் வேலை. கொட்டும் செல்லும் செரிமான நொதியும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் எனக்கு மிகவும் பிடித்த திசு இது. மிகவும் சிரமமானதும் இதுதான்.

டிரிப்சின் போன்ற, புரதத்தை வெட்டும் ஒரு நொதி இங்கே கிடைத்தால் அதை நஞ்சு என்று எழுதுவதா, செரிமானம் என்று எழுதுவதா? வரிசையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அந்த மரபணு எந்தச் செல்லில் ஓடுகிறது என்று திசுவிலேயே காட்ட வேண்டும். நெமடோஸ்டெல்லா என்ற சிறு கடல் சாமந்தியில் அப்படிச் செய்து பார்த்தபோதுதான், என்வி1 என்ற நரம்பு நஞ்சு கொட்டும் செல்லில் இல்லாமல் தோலின் சுரப்பிச் செல்லில் இருப்பது 2012-இல் தெரியவந்தது. அதுவரை நஞ்சு என்றாலே கொட்டும் செல் என்றுதான் பலரும் எழுதிவந்தார்கள்.

இன்னொரு சிக்கல் இனப்பெருக்கத் திசு. கருமுட்டைகள் வளர்வதும் இதே மடிப்புகளில்தான். நெமடோஸ்டெல்லாவின் தாய் தன் முட்டைக்குள் ஒரு நஞ்சை வைத்தே அனுப்புகிறது, முட்டையைத் தின்ன வரும் மீனிடமிருந்து காப்பாற்ற. ஆகவே உங்கள் இழை மாதிரியில் ஒரு நஞ்சு தென்பட்டால் அது இழையினுடையதா, முட்டையினுடையதா என்று கேட்டே ஆக வேண்டும். வெட்டுவதற்கு முன் ஓரிரு நாள் பட்டினி போடுவதும் அவசியம், இல்லையென்றால் இறாலின் ஆர்என்ஏ கூடவே வரும்.

விலங்கை நெடுக்காகப் பிளந்தால்தான் இவற்றை முழுதாக எடுக்க முடியும். காட்டு விரிப்புச் சாமந்தியை இதற்காகக் கொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. 2007 தொடக்கத்தில் மலேசியாவின் ஜொகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் கடலில் கலந்து, உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் விரிப்புச் சாமந்திகள் உட்பட ஏராளமான உயிர்கள் மடிந்தன. கடலோரம் கொஞ்சமே மிச்சமிருக்கும் நாடு நம்முடையது. தொட்டியில் வளர்த்த இனம் கையில் இருந்தால் மட்டும் இந்தத் திசுவுக்கு வாருங்கள்.

## சண்டை முடிச்சுகளும் தற்காப்பு நூல்களும்

சில இனங்களில் உணர்நீட்சி வளையத்துக்குக் கீழே சிறு மணிகள் போல முடிச்சுகள் இருக்கும், அக்ரோரகை என்பார்கள். வேறு குலத்துச் சாமந்தி பக்கத்தில் வந்து உரசினால் இந்த முடிச்சை உப்பவைத்து அதன்மேல் அழுத்தும். முடிச்சின் தோலே உரிந்து எதிரியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கருகவைக்கும். ஐரோப்பியக் கரைகளில் வாழும் ஆக்டினியா இக்வினாவின் முடிச்சுகளிலிருந்து பிரித்த நஞ்சுகளுக்கு அக்ரோரகின் என்றே பெயர். சண்டைக்கென்று ஒரு நஞ்சு உண்டா என்று கேட்பவருக்கு இதைவிட நேரான திசு கிடையாது. ஆனால் நம் விரிப்புச் சாமந்திகளுக்கு இந்த முடிச்சு இல்லை. இனத்தை முடிவு செய்யாமல் திசுவை முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அகோன்ஷியா எனப்படும் தற்காப்பு நூல்கள் கைக்கு எட்டுகிற வாய்ப்பு. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தொல்லை என்று சுரண்டி எறியும் அயிப்டேசியா என்ற சிறு சாமந்தியைச் சற்றே குத்திப் பாருங்கள். வாயிலிருந்தும் தண்டின் பக்கத் துளைகளிலிருந்தும் வெள்ளை நூல்கள் பீறிட்டு வரும். கொட்டும் செல்கள் அடர்ந்த நூல்கள் அவை. பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம், வெட்டே தேவையில்லை. சில நாளில் விலங்கு தேறிவிடும்.

அயிப்டேசியாவுக்கு இன்னும் இரண்டு அனுகூலங்கள். காலடித் துணுக்கிலிருந்தே குட்டி போட்டுப் பெருகுவதால் ஒரே மரபுள்ள விலங்குகள் வேண்டிய அளவு கிடைக்கும். அதன் மரபணுத் தொகுப்பும் 2015-லேயே வெளியாகிவிட்டது. குறை என்னவென்றால் அளவு. ஒரு விலங்கின் நூலில் கிடைக்கும் ஆர்என்ஏ ஒன்றுக்கும் போதாது. பல விலங்குகளின் நூலை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகு அது ஒரு மாதிரிதான். பத்து விலங்கைச் சேர்த்துவிட்டுப் பத்து மாதிரி என்று கணக்கு எழுதினால் புள்ளியியல் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

## முழு உடம்பு, அல்லது கறந்த நஞ்சு

என் பழைய அனுபவத்தைப் படித்துவிட்டு இதை ஒதுக்கிவிடாதீர்கள். மருந்து தேடும் கேள்விக்கு முழு உடம்புச் சாறு பலன் தந்திருக்கிறது. நம் விரிப்புச் சாமந்தியின் கரீபியன் உறவான ஸ்டிகோடாக்டிலா ஹீலியாந்தஸின் முழு உடம்புச் சாற்றிலிருந்துதான் 1995-இல் ஷ்க் (ShK) என்ற பெப்டைடைப் பிரித்தார்கள். வெறும் 35 அமினோ அமிலங்கள். நோய் எதிர்ப்புச் செல்களின் ஒரு பொட்டாசியம் வாயிலை அது அடைக்கிறது. அதிலிருந்து உருவான டலாசடைடு என்ற மருந்து, சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களிடம் முதற்கட்டச் சோதனை வரை போனது. புதிய மூலக்கூறுதான் வேண்டும், அது உடம்பில் எங்கே இருந்தது என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் முழு உடம்பு நியாயமான வழிதான்.

விலங்கைக் கொல்லாத மாற்று, மெல்லிய மின் தூண்டலால் நஞ்சைக் கறப்பது. அரைத்தால் செல்லுக்குள் இருக்கும் அத்தனையும் வரும். கறந்தால் விலங்கு உண்மையில் வெளியே விடுவது மட்டுமே வரும், இந்தத் தெளிவு பெரிய லாபம். ஹாடன் விரிப்புச் சாமந்தியின் நஞ்சை 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆர்என்ஏவையும் புரதத்தையும் சேர்த்து வைத்து விரிவாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். நம் கரையில் இருக்கும் அதே இனம் என்பதால் புரத ஆய்வு செய்பவர்களுக்கு ஒப்பிட நல்ல அடித்தளம். செலவு சளி. கறந்த பிறகு பாதி நாள் சளியைப் பிரிப்பதிலேயே போகும்.

உறைந்த துண்டைச் சீவி, எந்தப் பெப்டைடு எங்கே இருக்கிறது என்று நிறை நிறமாலைமானியால் (மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் கருவி) படமெடுக்கும் முறையும் இருக்கிறது. கருவியும் அதை ஓட்டத் தெரிந்தவரும் பக்கத்தில் இருந்தால் யோசியுங்கள், மாணவர் புராஜெக்டுக்கு அது எட்டாத உயரம்.

## யாருக்கு எதைச் சொல்வேன்

என் கருத்து இது. தனித் திசு ஒன்றை எடுப்பதைவிட, ஒரே விலங்கிலிருந்து இரண்டு திசுக்களை எடுப்பது மேல். 2016-இல் மூன்று இனங்களின் உணர்நீட்சி, தண்டு, வயிற்று இழை மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் திசுவுக்குத் திசு நஞ்சின் கலவை மாறியது. அது மாறிய விதமும் எல்லா இனத்திலும் ஒன்றாக இல்லை. ஓர் இனத்தின் உணர்நீட்சியை இன்னோர் இனத்தின் தண்டோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு இனத்தால் வந்ததா, திசுவால் வந்ததா என்று சொல்லவே முடியாது. இரண்டு திசுவும் ஒரே உடம்பிலிருந்து வந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு பருவம் மட்டும் கையில் இருக்கிறது, காட்டு விலங்குக்கு அனுமதி வாங்கப் பொழுதில்லை என்றால் அயிப்டேசியாவின் உணர்நீட்சியும் தற்காப்பு நூலும். ஓராண்டு இருக்கிறது, கடலோரம் போகத் தயார் என்றால் ஹாடன் விரிப்புச் சாமந்தியின் உணர்நீட்சியும் ஒரு துளி தண்டுத் திசுவும், விலங்கைக் கொல்லாமல். இதற்கு விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். நல்ல வற்றுக்கடல் மாதத்தில் சில நாள்தான், அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். புதிய மூலக்கூறு தேடுபவர்கள் கறந்த நஞ்சோடு தொடங்கலாம். முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் வயிற்று இழைக்கு வாருங்கள், அங்கே செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

அந்தத் தம்பி அயிப்டேசியாவைத் தேர்ந்தெடுத்தார். ஹவ்காங்கில் மீன்தொட்டி வைத்திருக்கும் ஒரு மாமா, அது மண்டிக் கிடந்த ஒரு கல்லையே தூக்கிக் கொடுத்துவிட்டாராம். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் வெள்ளை நூல் சுருண்டு கிடக்கிறது. “வந்துடுச்சு அக்கா! எத்தனை சேர்த்தா போதும்?” முதலில் பத்து விலங்கின் நூலைச் சேர்த்து ஆர்என்ஏ எவ்வளவு வருகிறது என்று அளந்துவிட்டுச் சொல்லுங்கள், அதற்குள் உணர்நீட்சி வெட்ட வேண்டாம், விலங்குகள் ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.